பதினோரு பல் மலைப்பூண்டு

எனக்குப் பூண்டு பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலுக்கு மேலே, பஸ் போய் நின்று திரும்புகிற இடத்துக்கும் அப்பால் இருந்த எங்கள் ஊரில் பூண்டை விட்டால் வேறு பேச்சே கிடையாது. விடியற்காலைப் பனியில் ஈர மண்ணில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக ஊன்றுவோம். விரல் மரத்துப்போகும், இடுப்பு விட்டுப்போகும். சோற்றில் பூண்டு நாற்றம், தலைமயிரில் பூண்டு நாற்றம், போர்த்திப் படுத்த கம்பளியிலும் அதே நாற்றம். லாரியில் மூட்டை ஏற்ற வந்த வத்தலக்குண்டுக்காரர் ஒருவர் என்னைப் பெண் கேட்டு அனுப்பினார். அவர் கீழே நெய்வேலியில் சுரங்க வேலைக்குப் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் சரி என்றேன். ஆளைப் பார்த்துச் சொன்னது பாதி, இந்த நாற்றத்தை விட்டுத் தொலையலாம் என்று சொன்னது பாதி. பிற்பாடு அவரிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

அப்படிப்பட்ட நான் நெய்வேலி குவார்ட்டர்ஸ் கொல்லையில் மண்டியிட்டு, நாலு பூண்டுச் செடியிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சியிருக்கிறேன். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு அப்போது இருபது வயது முடியவில்லை.

கடைப்பூண்டு வேறு, எங்கள் பூண்டு வேறு. கடைப்பூண்டின் தாள் காய்ந்தால் துவண்டுவிடும். நாங்கள் போட்டது நடுவில் குச்சி நிற்கிற சாதி. பயிர் முதிரும்போது நட்ட நடுவிலிருந்து கெட்டியான ஒரு தண்டு கிளம்பி, நுனியில் மொட்டோடு வளைந்து நிற்கும். அதை ஒடித்துவிட்டால்தான் கீழே கிழங்கு பருக்கும். பிடுங்கினால் அந்தக் குச்சியைச் சுற்றி ஆறோ ஏழோ தடித்த பல் இருக்கும். ஒன்றைக் கடித்தால் கண்ணில் தண்ணீர் வரும். தண்டு விறைக்கவில்லை என்றால் கிழங்கு இல்லை. தண்டு விறைக்க வேண்டுமானால் பனி வேண்டும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமானால் இந்தப் பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுக்க வேண்டும். காலையில் ஒரு முழுப் பூண்டு, மாலையில் ஒரு முழுப் பூண்டு, நாற்பது நாளைக்கு. என் அம்மா அப்படித்தான் சாப்பிட்டாள், ஊரில் எல்லாரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். பால் இல்லாத தாய் என்று ஒருத்தியை எங்கள் ஊரில் நான் கேள்விப்பட்டதே இல்லை. நான்தான் முதல் ஆள்.

மூத்தவன் பிறந்தபோது இவர் கான்ட்ராக்டில் இருந்தார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கென்று போட்டிருந்த கூரைக் கொட்டகையில் குடியிருந்தோம். ஒன்பதாம் மாதம் வந்து பிரசவத்துக்குக் கூட்டிப்போவதாக அண்ணன் எழுதியிருந்தான். பிள்ளை அதற்குக் காத்திருக்கவில்லை, எட்டாம் மாதமே பிறந்துவிட்டான். இரண்டு கையில் ஏந்தினால் ஒரு கை மிச்சம் இருக்கும், அவ்வளவுதான் பிள்ளை. வாயை வைப்பான், இழுக்க மாட்டான், தூங்கிப்போவான். எனக்கும் மூன்றாம் நாள் ஊற வேண்டியது ஊறவில்லை. ஊருக்குத் தந்தி அடிக்கச் சொன்னேன். ஆண் குழந்தை, பால் இல்லை, பூண்டு அனுப்பவும்.

குறைமாதப் பிள்ளைக்கு இழுக்கத் தெம்பு இல்லை, அவன் இழுத்தால்தான் உனக்கு ஊறும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நான் காதில் வாங்கினால்தானே. வடலூர்ச் சந்தையில் வாங்கிய கடைப்பூண்டை வேகவைத்து வேகவைத்துத் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. பசும்பாலில் தண்ணீர் கலந்து துணித் திரியால் சொட்டு சொட்டாக விட்டோம். பாதி உள்ளே போகும், பாதி கக்குவான். பிறகு எல்லாவற்றையும் கக்கினான். பதினான்காம் நாள் காலை சுரங்கத்து ஆறு மணிச் சங்கு ஊதும்போது என் மடியில் இருந்தான், சங்கு ஓய்ந்தபோது இல்லை.

ஆறு நாள் கழித்துப் பூண்டு வந்தது. சாக்குத் துணியில் கட்டி, அம்மா கையால் கறுப்பு நூலில் தைத்த மூட்டை. மலையிலிருந்து காய்கறி லாரியில் திண்டுக்கல், அங்கிருந்து ரயில், பிறகு யாரோ பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார்கள். மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். அன்று வந்தது கோபமா வேறெதுவா என்று இன்றைக்கும் தெரியவில்லை. பேப்பரை எடுத்தேன். ஒரு வாரம் முந்தி அனுப்பியிருந்தால் என் பிள்ளை இருந்திருப்பான், நீங்கள்தான் கொன்றீர்கள், இனி எனக்குத் தாயும் இல்லை அண்ணனும் இல்லை, யார் செத்தாலும் சொல்லி அனுப்பாதீர்கள் என்று எழுதினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அண்ணன்தான் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டட்டும், காது குளிரக் கேட்கட்டும் என்றுதான் எழுதினேன்.

தந்தி கிடைத்த அன்றே அனுப்பியிருந்தாலும் மூட்டை அவ்வளவு நாளில்தான் வந்து சேரும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. இவர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, நாலு நாள் வைத்திருந்து போடேன் என்றார். நான் பிடுங்கிக்கொண்டு போய் நானே பெட்டியில் போட்டேன். பதில் வரவில்லை. ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது, வரட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

சித்திரையில் இவருக்கு பெர்மனன்ட் ஆயிற்று. குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். ஓர் அறை, சமையலறை, பின்னால் சுவர் கட்டிய கொல்லை. சாமான்களோடு சாமானாக அந்தப் பூண்டு மூட்டையையும் இவர் தூக்கி வந்து சமையலறைப் பரணில் வைத்தார். எறிந்து தொலையுங்கள் என்றேன். ஏணியிலிருந்து இறங்கி, அதை மூலையில் சாய்த்து வைத்தார். அந்த மனிதர் என்னோடு சண்டை போட்டதே கிடையாது, அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஆடி மாதம் மறுபடியும் முழுகாமல் இருப்பது தெரிந்தது. பங்குனியில் பிள்ளை பிறக்கும் என்றார்கள். சந்தோஷம் என்ற ஒன்று எனக்கு வரவே இல்லை. பகலெல்லாம் ஒரே நினைப்புத்தான். பிள்ளை பிறக்கும், வாயை வைக்கும், இருக்காது. மறுபடியும் திரித்துணி, மறுபடியும் பதினான்கு நாள். அம்மாவுக்கு எழுது என்று இவர் ஒரு தடவை சொன்னார். எழுதினால் கையை வெட்டிக்கொள்கிறேன் என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் அவர் ஷிப்டுக்குப் போனபின் ஏணி போட்டு ஏறி மூட்டையை இறக்கினேன். ஒன்பது மாதமாய் அடுப்புச் சூட்டில் கிடந்த பூண்டு. தையலைப் பிரித்தால் தோல்தான் பறந்தது. அத்தனையும் வற்றி, உள்ளே தூளாய்ப் போயிருந்தது. ஒவ்வொன்றாய் நசுக்கிப் பார்த்துப் பொறுக்கினேன். பதினோரு பல் உயிரோடு இருந்தது, நுனியில் லேசாகப் பச்சை விட்டிருந்தது. தின்றால் இரண்டு வேளைக்குக் காணாது. ஊன்றினால் பங்குனிக்குப் பதினோரு பூண்டு. யாரிடமும் கை ஏந்தாமல் என் கொல்லையில் என் பூண்டு. அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பித்துப் பிடித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்ட ஒரு காலையில் மேட்டுப்பாத்தி கட்டி, ஒரு சாண் இடைவெளியில், கூர் மேலே இருக்க ஊன்றினேன். கை தானாகச் செய்தது. அடுத்த மழையில் இரண்டு அழுகிவிட்டது. ஒன்பது முளைத்தது. மார்கழியில் பார்க்க வேண்டுமே, நீலம் பாய்ந்த பச்சையில் முழ உயரம் நின்றது. காலையில் இலையில் பனித்துளி நிற்பதைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அது பனியா? எங்கள் ஊரில் பாத்தி வெள்ளையாய் உறைந்து கிடக்கும். இங்கே மார்கழியிலும் ஒன்பது மணிக்கு வேர்க்கிறது.

தினமும் எழுந்ததும் முதல் வேலை, செடியின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பது. நடுத்தண்டு கிளம்பினால் உள்ளே விறைப்பாக ஒன்று தட்டுப்படும். தட்டுப்படவில்லை. தை பிறந்தும் தட்டுப்படவில்லை. வயிறு முட்டிக்கொண்டு குனிய முடியாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றி மறு கையால் ஒன்பதையும் பிடித்துப் பார்ப்பேன். துணி மாதிரி மெத்தென்று இருக்கும்.

தண்ணீர்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். எங்கள் பக்கத்துக் குழாயில் வருவது சுரங்கத்துக்கு அடியிலிருந்து இறைக்கிற தண்ணீர், வெதுவெதுப்பாக வரும். குளிக்கச் சுகம், பூண்டுக்குக் கேடு. மண்பானைகளில் பிடித்து வைத்து, இரவெல்லாம் குளிரவிட்டு, விடியற்காலையில் ஊற்றினேன். பகலில் ஈரச்சாக்கால் பந்தல் போட்டேன். அதுவும் போதாது என்று தோன்றியது. கடலூரிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து தெருவில் விற்கும் ஒருத்தி இருந்தாள். கூடையில் மீனுக்கு மேல் உடைத்த ஐஸ் இருக்கும். அவளிடம் கெஞ்சி, விற்று முடித்தபின் மிச்சம் இருக்கும் ஐஸை வாங்கிவந்து செடிகளைச் சுற்றி வைத்தேன்.

அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். கடலூர்த் துறைமுகத்துப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், நான் அக்கா என்பேன். கார்த்திகையில் அவளுக்கு நாலாவது பிள்ளை பிறந்திருந்தது. அவளுக்குப் பாலுக்குக் குறைச்சலே இல்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே முந்தானை நனைந்துவிடும், சிரித்துக்கொண்டே துடைத்துக்கொள்வாள். அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், அதற்கு வேறு பெயர் எதற்கு.

"என்னாம்மா, பூண்டுக்கு ஐஸு வெச்சிகினு இருக்க? அதுக்கு என்னா காய்ச்சலா?" என்றாள்.

தெரு முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகள் எனக்கு ஐஸ் அம்மா என்று பெயர் வைத்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். மீன் வாசத்துக்குப் பூனை வரும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பாத்தியைப் பறண்டி மூன்று செடியை வேரோடு சாய்த்திருந்தது. அன்றைக்கு அந்தப் பூனையை விரட்டிக்கொண்டு ஏழெட்டு மாதக் கர்ப்பிணி நான் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது அழுதேன்.

ஆறு செடி. அதையும் கெடுத்தது பூனையில்லை, நானேதான். எங்கள் ஊரில் தை மாதம் பூண்டுப் பாத்திக்கு அடுப்புச் சாம்பல் தூவுவோம். பூச்சி அண்டாது, கிழங்கு பருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். நெய்வேலியில் எங்கள் அடுப்பில் எரிந்தது விறகு இல்லை, சுரங்கத்துப் பழுப்புக்கரி. சாம்பல் சாம்பல்தானே என்று கை நிறைய அள்ளி, வேரை ஒட்டித் தூவித் தண்ணீர் விட்டேன். அடுத்த வீட்டு அக்கா சொல்லத்தான் சொன்னாள், தன் கனகாம்பரத்துக்குப் போட்டு அத்தனையும் கருகிப்போனதாக. பூண்டைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம் என்று சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து வெட்டிவிட்டேன். சாம்பல் ஈரத்தில் இறுகி வெள்ளைப் பொருக்காய்ப் பிடித்தது. ஒரே வாரத்தில் இலை நுனியெல்லாம் மஞ்சளாகிக் காய்ந்து இறங்கியது. பொருக்கை விரலால் பெயர்த்துப் பெயர்த்து எடுத்தேன். நகக்கண்ணெல்லாம் எரிந்தது. இரண்டு செடி படுத்துவிட்டது. நாலுதான் மிச்சம்.

அந்த நாலையும் மாசி முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றில் ஒரு நாள் ஏதோ விறைப்பாகத் தட்டுப்பட்ட மாதிரி இருந்தது. இவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். விடிய விடியக் கன்வேயர் பெல்டுக்கு அடியில் கரி அள்ளிவிட்டு வந்து படுத்த மனிதர். கண்ணைத் திறக்காமலே கொல்லைக்கு வந்து பிடித்துப் பார்த்து, ஆமாம் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது என்றார். பொய் சொல்கிறார் என்று தெரிந்தது. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

பங்குனியில் பெண் பிறந்தது. இந்த முறை மாதம் நிறைந்த பிள்ளை, நல்ல சத்தம். வாயை வைத்ததும் இழுத்தாள். இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் வராமல் தலையை அசைத்துக் கத்தினாள். இழுக்கிற பிள்ளைக்குக் கொடுக்க என்னிடம் இல்லை என்பது முதல் தடவையைவிட மோசமாக இருந்தது. வரும், பயப்படாதே, பயந்தால்தான் வராது என்றார் டாக்டரம்மா. பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா? என் கண்ணுக்குள் அந்தத் திரித்துணிதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை புட்டிப்பால் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தையை இவர் கையில் கொடுத்துவிட்டு நேரே கொல்லைக்குப் போனேன். நிற்க முடியவில்லை, உட்கார்ந்தேன். முதல் செடியைப் பிடுங்கினேன். கிழங்கு என்று ஒன்றும் இல்லை, கழுத்து நேரே வேரில் போய் முடிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அடியில் மட்டும் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு உருண்டை, பல் பிரியாத ஒற்றை உருண்டை. நாலாவதில் வெறும் தாள். ஐந்து மாதம் குனிந்ததற்கும், ஐஸுக்குக் கெஞ்சியதற்கும், ஊர் சிரித்ததற்கும் அந்த ஒரு கோலிக்குண்டு. அதையும் தாளையும் சேர்த்துப் பாலில் வேகவைத்துக் குடித்தேன். மறுநாள் காலைவரை காத்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை.

புட்டிப்பாலை அவள் கக்க ஆரம்பித்தாள். ஒரே ஒரு தடவைதான் கக்கினாள். எனக்கு அது போதும். இத்தனை மாதம் பிடித்து வைத்திருந்த ரோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஏங்க, ஊருக்குப் போங்க. எங்கம்மா கால்ல விழுந்து பூண்டு கேளுங்க. நான் எழுதினது தப்பு, பிள்ளை செத்ததுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க, பெத்த வயிறு எரிஞ்சு எழுதிட்டேன், மன்னிச்சிருன்னு சொல்லுங்க."

அவர் சட்டையை மாட்டினார். லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினார்.

நாலு நாள். அதை எப்படிச் சொல்வது? முதல் நாள் பகலிலேயே குழந்தையின் சத்தம் இறங்கிவிட்டது. அடுத்த வீட்டு அக்கா சுவர் வழியாகக் கூப்பிட்டாள், நான் எழுந்து போகவில்லை. வாசல் வழியாக வந்துவிட்டாள். பாப்பாவைக் கொடு என்றாள். என் பிள்ளைக்கு நான் இருக்கிறேன் என்றேன். என்ன திமிர் பாருங்கள், இருந்து என்ன புண்ணியம்? அவள் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எம் பால குடிச்சா உம் பொண்ணு எங்க வூட்டுக்கா வந்துடும்? உன்னுதுதான். குடும்மா."

கொடுத்தேன். அவள் மார்பில் என் பெண் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. உயிர் பிழைத்தாளே என்று ஒரு பக்கம், என்னிடமிருந்து இந்தச் சத்தம் வரவில்லையே என்று ஒரு பக்கம். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்து பால் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் பிள்ளைக்குப் போக மிச்சம்தானே தர முடியும். நடுவில் என்னிடம் விட்டுப் பார்க்கச் சொன்னாள். விடுவேன், இழுப்பாள், அழுவாள். சுறாப்புட்டு செய்து கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து தின்னவைத்தாள், பால் ஊற அதைவிட்டால் வேறு மருந்து இல்லை என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. தின்றேன். வாயில் வைப்பதெல்லாம் மண் மாதிரி இருந்தது. ஏழாம் நாள், எட்டாம் நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு வரைக்கும்தான் எனக்கு எண்ணத் தெரிந்திருந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் இவர் வந்தார். முகமெல்லாம் புழுதி. தோளிலிருந்து மூட்டையை இறக்கினார். அதே சாக்குத் துணி, அதே கறுப்பு நூல், அதே தையல். நல்ல கனம். கொடுத்துவிட்டாள். அத்தனை எழுதியும் அம்மா கொடுத்துவிட்டாள். அம்மா என்ன சொன்னாள், திட்டினாளா என்று கேட்டேன். அவர் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே இரண்டு கம்பளிக் குல்லாய். நெய்வேலிப் பங்குனி வெயிலுக்குக் கம்பளிக் குல்லாய். ஒன்று கைக்குழந்தைக்கு ஆகிற மாதிரிச் சின்னது. இன்னொன்று பெரியது, சிவப்பு.

"இது பெரிசா இருக்கே, யாருக்கு?"

"பெரியவனுக்காம்."

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தார். பஸ் நிற்கிற இடத்திலேயே அண்ணன் அவரைப் பார்த்துவிட்டானாம். தனியாகக் கூட்டிக்கொண்டு போய், அம்மாவிடம் அந்தக் கடிதத்தைப் படிக்கவே இல்லை என்றானாம். பூண்டு கிடைத்தது, பால் வந்துவிட்டது, பேரன் நன்றாக இருக்கிறான் என்று எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டியிருக்கிறான். ஒரு வரி பொய் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு மாதா மாதம் சொல்ல வேண்டியதாகிவிட்டதாம். பல் முளைத்தது, தவழ்ந்தது, எல்லாம் சொல்லியிருக்கிறான். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கிறான். மலை இறங்க அம்மாவுக்கு மூச்சு இல்லை, அதனால் அந்தப் பொய் இத்தனை நாள் நின்றது.

என் சாபம் அம்மா காதில் விழவே இல்லை. பதினான்கு மாதமாக அம்மா அந்த மலைமேல் பேரனோடு வாழ்ந்திருக்கிறாள்.

"உன்னைத் திட்டத்தான் செஞ்சாங்க. கைப்பிள்ளை இருக்கும்போதே அடுத்ததா, உடம்பு என்னத்துக்கு ஆகும், அதான் பால் இல்லைன்னு" என்றார். "மன்னிப்புக் கேக்கணும்னு போனேன். எதுக்குன்னு கேக்கிறது? பையன் நடக்கிறானான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நடக்கிறான்னு சொன்னேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "செவுத்தைப் பிடிச்சிக்கிட்டு நடந்தான், இப்போ விட்டுட்டும் நடக்கிறான்னு சொன்னேன்."

நான் அழவில்லை. அந்தச் சிவப்புக் குல்லாய் என் கையில் இருந்தது. இந்தச் சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவே, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நடந்து வருவது எனக்குத் தெரிந்தது. அவனை நான் ஒரு தடவைகூட அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு அவன் எப்போதும் பதினான்கு நாள் பிள்ளைதான். மார்பு முழுக்க ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி வந்தது. ரவிக்கை நனைந்தது. முதலில் வேர்வை என்று நினைத்தேன். பிறகு குல்லாயின் மேல் சொட்டியது.

பூண்டு மூட்டை தையல் பிரிக்காமல் அவர் காலடியில் கிடந்தது. குழந்தையை எடுத்துக் கொடுங்க என்றேன்.